கொடுங்கையூரிலிருந்து கடல் வரை: எண்ணூர்க் கழிமுகமும் கரைகாக்கும் சட்டங்களும்

கடல் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்னும் வினாவிற்கு வரைபடம் ஒரு விடை தருகிறது. அலை வேறொரு விடை தருகிறது. வரைபடத்தில் ஒற்றைக் கோடாகத் தெரியும் கரை, உண்மையில் ஓர் அகன்ற பரப்பாகும். ஓதம் ஏறி இறங்கும் கழிகள், உவர்நிலங்கள், உப்பளங்கள், மணல்மேடுகள், அலையாத்திச் செடிகள் நிற்கும் சேற்றுத் திட்டுகள், ஆற்றின் நன்னீர் கடலின் உப்புநீரோடு கலக்கும் முகத்துவாரங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே கரை. இப்பரப்பிற்கு உரியவர் யார், இதனைக் காக்கும் கடமை யாருடையது, இதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பவற்றை வரையறுப்பதே கடற்கரை மேலாண்மை எனப்படும்.

இவ்வினாக்களைப் பொதுவான கோட்பாடுகளாக ஆராய்வதைவிட ஓர் இடத்தில் வைத்து ஆராய்வது பயன் தரும். அதற்கு வடசென்னையைக் காட்டிலும் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் கரையோர ஊர்களும், அவற்றிற்குப் பின்னால் உள்நாட்டில் அமைந்த கொடுங்கையூரும் மணலியும் ஒரே நீரோட்டத்தால் பிணைக்கப்பட்டவை. ஆயினும் ஆட்சி நிர்வாகம் இவற்றைத் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருக்கிறது. இச்சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நீர் செல்லும் வழி

கொற்றலை எனவும் கொசஸ்தலை எனவும் வழங்கும் ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கடலோடு கலக்கிறது. அங்கு விரியும் கழிமுகம் வடக்கே பழவேற்காட்டு ஏரியோடும், தெற்கே பக்கிங்காம் கால்வாயோடும் தொடர்புடையது. புழல் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் வருவதும் இவ்வழியே. மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கிக் கடலுக்கு அனுப்பும் வாயிலாகவும், கடல் பொங்கும்போது அதன் வேகத்தைத் தணிக்கும் பஞ்சாகவும் இக்கழிமுகம் பணியாற்றுகிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளரும் தொட்டிலும் அதுவே.

பக்கிங்காம் கால்வாயின் முதற்பகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே சரக்குப் படகுகளுக்காக வெட்டப்பட்டது. விறகும் உப்பும் அதன் வழியே நகருக்கு வந்தன. இன்று அக்கால்வாயில் படகு இல்லை, கழிவுநீர் இருக்கிறது. கொடுங்கையூர்க் கால்வாய் அதனோடு இணைகிறது. ஆகவே கொடுங்கையூரில் ஒரு வடிகாலில் விழும் பொருள் எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, அங்கிருந்து வங்கக் கடலைச் சேர்வதற்கு எந்தத் தடையும் இல்லை. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கொடுங்கையூர், கடற்கரைச் சட்டத்தின் பார்வையில் கரையோர ஊர் அன்று. நீரின் பார்வையில் அதுவும் கரையோர ஊரே.

கொடுங்கையூர்க் குப்பைமேடு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னை நகரின் கழிவுகளைச் சுமந்து வந்துள்ளது. பல மாடி உயரத்திற்கு எழுந்த அம்மேட்டில் கோடைதோறும் தீப்பற்றுவதும், புகை சுற்றுவட்டாரத்தைச் சூழ்வதும், மழைநாளில் கசியும் கருநீர் நிலத்தடியிலும் வடிகாலிலும் இறங்குவதும் அப்பகுதி மக்கள் நன்கறிந்தவை. தென்சென்னையின் பெருங்குடிக் குப்பைமேட்டில் 2022இல் தொடங்கிய பழங்குப்பை அகழ்ந்து பிரிக்கும் பணி, கொடுங்கையூரில் 2024இல்தான் தொடங்கியது. ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்பில் 66 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பழங்குப்பையை அகற்றுவது அதன் இலக்கு. நிலம் மீளும் என்னும் நம்பிக்கை துளிர்த்த வேளையில், அதே இடத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2025இல் குடியிருப்போர் சங்கங்கள் அதனை எதிர்த்துத் தெருவிற்கு வந்தன. அனல்மின் நிலையங்களின் புகையையும் சாம்பலையும் முன்னரே ஏற்றுவரும் பகுதியில் மேலும் ஒரு புகைபோக்கி எதற்கு என்பது அவர்கள் வினா.

இங்கே ஒரு நற்செய்தியையும் குறிப்பிடல் வேண்டும். கொடுங்கையூரில் கழிவுநீரை மும்முறை தூய்மைப்படுத்தி நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர் நீரை மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019இல் செயற்பாட்டிற்கு வந்தது. கடலுக்குச் செல்லவிருந்த கழிவு, குடிநீருக்குப் போட்டியாக நின்ற ஆலைகளின் தாகத்தைத் தணிக்கிறது. கொடுங்கையூர் கடலைக் கெடுக்கவே விதிக்கப்பட்ட ஊர் அன்று என்பதற்கு இது சான்று.

மணலின் பயணம்

கரையின் இயல்பை அறியாமல் செய்யும் பணி எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இராயபுரம் நூற்றாண்டுச் சான்றாக நிற்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் அலைகள் அதனை நகர்த்துகின்றன. ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலாண்டில் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல்லணைகள் எழுந்தபோது இப்பயணம் தடைபட்டது. அணைக்குத் தெற்கே மணல் தேங்கிற்று. நாம் பெருமையோடு காட்டும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு அவ்வாறு பெருகியதே. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலை கொண்டுபோவது மட்டும் நிற்கவில்லை. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை தெருக்களும் குப்பங்களும் கடலுக்கு இரையாயின. இன்று அங்குக் கரை என்பது பாறாங்கற் சுவரும், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளுமே.

ஓரிடத்தில் விளைந்த நன்மைக்கான விலையை வேறோரிடத்து மக்கள் செலுத்தினர். துறைமுகம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. துறைமுகத்தின் செலவுக் கணக்கில் இராயபுரத்து மீனவரின் வீடும் வலை உலர்த்தும் மணலும் இடம்பெறவில்லை என்பதே இங்குச் சுட்டத்தக்கது.

சட்டத்தின் கோடுகள்

இந்திய நாட்டில் கடற்கரையைத் தனியே காக்க வேண்டும் என்னும் எண்ணம் 1981இல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதிய மடலில் உருப்பெற்றது. ஓதம் உயர்ந்து தொடும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானங்களைத் தவிர்க்குமாறு அவர் கேட்டிருந்தார். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. கரை வகைப்படுத்தப்பட்டது, உயிர்ச்சூழல் நுட்பம் மிகுந்த பகுதிகள் முதல் வகையாகக் கொள்ளப்பட்டு மிகுந்த பாதுகாப்புப் பெற்றன. மாநிலங்கள் தம் கரைக்கு வரைபடமும் மேலாண்மைத் திட்டமும் ஆயத்தம் செய்யுமாறு பணிக்கப்பட்டன.

1996ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு மைல்கல். கழிகள், ஆறுகள் ஆகியவற்றின் ஓரத்தில் கட்டுமானம் கூடாத அகலத்தை 100 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்த 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஏப்ரலில் செல்லாதது எனத் தள்ளியது. ஆகஸ்டில், தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் நெறியும் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அறிவித்தது. டிசம்பரில், காந்தியவாதி சர்வோதய ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கிலும் கமல்நாத் வழக்கிலும் தீர்ப்புகள் வந்தன. ஆறு, கடல், கரை போன்றவற்றை அரசு உடைமையாளராக அன்று, மக்களின் சார்பில் பொறுப்பேற்ற அறங்காவலராகவே வைத்திருக்கிறது என்னும் கோட்பாடு கமல்நாத் வழக்கில் நிலைநாட்டப்பட்டது.

அதன்பின் வந்த வரலாறு ஏற்ற இறக்கமானது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, மணல்மேடும் அலையாத்தியும் மனித உயிர்க்குக் கேடயம் என்பதை உணர்த்திற்று. அதற்குப் பின் விதிகளைத் தளர்த்த முயன்ற 2008ஆம் ஆண்டின் வரைவு மீனவர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2011ஆம் ஆண்டின் அறிவிக்கை கரையோடு கடலின் 12 கடல்மைல் பரப்பையும் மண்டலத்திற்குள் கொணர்ந்தது. மாவட்டக் குழுக்களில் மரபுவழிக் கடலோர மக்களின் சார்பாளர் மூவரேனும் இருக்க வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டின் அறிவிக்கையோ கழியோரத்தில் கட்டுமானம் கூடாத அகலத்தை மீண்டும் 50 மீட்டராக்கியது. மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரச் சிற்றூர்களிலும் அதே அளவே போதும் என்றது. நீதிமன்றம் ஒருமுறை புறந்தள்ளிய எண், இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது.

காணாமற்போன கழி

சட்டம் எவ்வளவு செம்மையாக இருப்பினும் அது வரைபடத்தின் மீதே நிற்கிறது. 1996இல் மத்திய அரசு ஏற்பளித்த வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில் காக்கப்பட வேண்டிய பகுதியாக இடம்பெற்றிருந்தது. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த பிறிதொரு வரைபடத்தில், அதே இடத்தில் கழியையே காணவில்லை. நீர் இல்லாத இடத்திற்கு நீர்நிலைக்கான பாதுகாப்பு எதற்கு? தாளில் ஆறு மறைந்தால் தரையில் கட்டடம் எழுவது எளிது. மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் எழுப்பிய குரல் அவ்வாண்டு நாடறிந்த செய்தியாயிற்று.

தாளில் மட்டும் அன்று, தரையிலும் கழி சுருங்கிவந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து நிலக்கரிச் சாம்பலை நீரோடு கலந்து கொண்டுசெல்லும் குழாய்கள் பல்லாண்டுகளாகக் கசிந்தன. சாம்பல் படியப் படிய ஆற்றின் ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்தால் படகு செல்லாது, இறால் தங்காது, வெள்ளமும் விரைந்து வடியாது. காட்டுக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளிலிருந்து எழுந்த முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை எட்டிற்று. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து, 2022இல் சாம்பலை அகற்றிக் கழியை மீட்டெடுக்கப் பணித்தது. நிலக்கரிச் சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்னும் மத்திய அரசின் அறிவிக்கையோ 1999ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

அண்மைக் காலத்தில் தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பி இக்கழியின் அடித்தளத்தில் கம்பளம்போல் படர்ந்துள்ளது. மீனவர்கள் அதனைக் 'காக்கா ஆழி' என்கின்றனர். அது படர்ந்த இடத்தில் மட்டியும் இறாலும் வாழ இடமின்றிப் போகின்றன. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு இது அடிவயிற்றில் விழுந்த அடியாகும்.

எண்ணெயும் வெள்ளமும்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவே இல்லை என்னும் பாங்கில் முதல் அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாள்களில் திருவொற்றியூர் முதல் மெரினாவிற்கு அப்பாலும் கருங்குழம்பு கரையேறிற்று. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அதனை முகந்து அள்ளினர். இத்தகைய இடர்களுக்கென 1996ஆம் ஆண்டிலேயே தேசிய அளவிலான திட்டம் வகுக்கப்பட்டுக் கடலோரக் காவல்படை பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தது. திட்டம் இருந்தது, கரையில் வாளி மட்டுமே இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் கழகத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கழிமுகத்தின் வழியே கடலில் பரவிற்று. வீடுகளின் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் அதன் கறை படிந்தது. அரசு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் உதவி அறிவித்தது. அம்மாத இறுதியில், 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வளி கசிந்து மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இம்மூன்று நிகழ்வுகளையும் விபத்து என்னும் ஒரே சொல்லால் கடந்துவிட இயலாது. 2017ஆம் ஆண்டின் கசிவு கடலிலிருந்து கரைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணெய் நிலத்திலிருந்து கடலுக்குச் சென்றது. கரையோரத்தில் கோடு கிழித்துக் காவல் நின்றால் மட்டும் கடல் காக்கப்படாது என்பதே பிந்தைய நிகழ்வின் பாடம். ஆலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் தனித்தனியே இசைவு வழங்கும் முறையில், அனைத்தும் சேர்ந்து ஒரு கழியின் மீது ஏற்றும் மொத்தச் சுமையை எவரும் எடைபோடுவதில்லை.

ஹரீமும் பாடும்

நீர்நிலையைச் சுற்றி எல்லை வகுக்கும் சிந்தனை நமது அறிவு மரபிற்குப் புதிதன்று. பிக்ஹு நூல்கள் கிணறு, ஊற்று, ஆறு ஆகியவற்றிற்கு 'ஹரீம்' எனப்படும் காப்பெல்லையை வகுத்துள்ளன. அந்த எல்லைக்குள் நீரைக் கெடுக்கும் அல்லது பிறர் நீரை அடைவதைத் தடுக்கும் எதனையும் செய்யலாகாது. கிணற்றின் பயன்பாட்டிற்கேற்ப அதன் அளவை முழக்கணக்கில் அறிஞர்கள் ஆய்ந்தனர். பொது நன்மைக்காக ஒதுக்கப்படும் நிலம் 'ஹிமா' எனப்பட்டது. அறியாமைக் காலத்தில் குலத்தலைவர்களின் தனியுரிமையாக இருந்த இவ்வழக்கத்தை, அனைவருக்குமான ஒதுக்கீடாக இஸ்லாம் மாற்றியமைத்தது. நீரைப் பொதுவுடைமையாகக் கொள்ளும் நெறி உஸ்மானியப் பேரரசின் 'மஜல்லா' சட்டத்தொகுப்பிலும் விதியாக இடம்பெற்றது. தீங்கைத் தடுப்பது நன்மையை ஈட்டுவதற்கு முந்தியது என்னும் சட்ட விதியும், ஆதாயம் பெறுபவரே அதன் இழப்பையும் சுமக்க வேண்டும் என்னும் விதியும் வேலூர்த் தீர்ப்பின் இரு நெறிகளோடு ஒப்பிடத் தக்கவை. அறங்காவல் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் உரோமானியச் சட்டத்திலிருந்து எடுத்துக்காட்டியது. 'அமானிதம்' என்னும் சொல்லைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் குழந்தையும் அறியும்.

இவை நூலில் உறையும் கருத்துகள் மட்டும் அல்ல. கிழக்காப்பிரிக்காவில், சன்சிபாரைச் சேர்ந்த பெம்பாவை ஒட்டிய மிசாலித் தீவில், வெடிவைத்து மீன்பிடிக்கும் வழக்கத்தை அரசாணையால் நிறுத்த முடியாதிருந்தது. 1990களின் இறுதியில் அம்மீனவர்களின் மார்க்க அறிவைத் துணைக்கொண்டு, ஊர்ப் பள்ளிவாசல்களின் வழியே பவளத்திட்டுகளைக் காக்கும் பணி தொடங்கியபோது நல்ல மாற்றம் தெரிந்தது. மக்கள் தமதென உணரும் விதியே நிலைக்கும்.

அத்தகைய விதி எண்ணூருக்கு அருகிலேயே இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் தலைமுறைகளாகப் போற்றும் 'பாடு' என்னும் முறையில், இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் வலையிடும் உரிமை சுழற்சி முறையில் ஊர்களுக்கும் குடும்பங்களுக்கும் பகிரப்படுகிறது. இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறோர் இடத்திற்குச் செல்வார். எவரும் ஓரிடத்தை நிலையாக உடைமையாக்க முடியாது. எல்லாரும் ஒரே நாளில் ஓரிடத்தைச் சுரண்டவும் முடியாது. இம்முறை குறைகளற்றது அன்று. பிறப்பால் உரிமை பெறாத பழங்குடியினரும் பிறரும் இதற்கு வெளியே நிற்க நேர்ந்தது. எனினும் பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்னும் கூற்றிற்கு நம் கண்முன் உள்ள மறுப்பு அது.

செய்யத்தக்கவை

எண்ணூர்க் கழி இன்னும் இறந்துவிடவில்லை. ஓதம் வந்து போகிறது. வலையில் மீன் விழுகிறது. அதனை மீட்க வேண்டியவை சிலவே. முதலாவது, 1996ஆம் ஆண்டின் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு, களத்தில் மீனவரோடு நடந்து அளந்து, தமிழில் வெளியிடப்படும் மெய்யான வரைபடம். இரண்டாவது, கழியின் சுமைதாங்கும் ஆற்றலை மதிப்பிடாமல் புதிய ஆலைக்கோ விரிவாக்கத்திற்கோ இசைவளிக்காமை. மூன்றாவது, கொடுங்கையூர்க் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் கழியில் சேரும் முனைகளில் நீரின் தரத்தைத் தொடர்ந்து அளந்து முடிவுகளை மக்கள் அறிய வைத்தல். நான்காவது, சட்டம் வாக்களித்த மாவட்டக் குழுவில் மீனவரின் இருக்கை வெறுமையாக இராதிருத்தல்.

ஐந்தாவது நம் வீட்டில் தொடங்குகிறது. கொடுங்கையூர் மேட்டை எழுப்பியது எங்கோ உள்ள ஆலை அன்று. நகரத்தின் ஒவ்வோர் அடுக்களையும் சிறிது சிறிதாக அதனை எழுப்பிற்று. மக்குவதையும் மக்காததையும் பிரித்துக் கொடுக்கும் வீட்டார், தம் கண்ணுக்கு எட்டாத ஒரு கழியில் இறால் தேடும் கைகளுக்கு உதவுகின்றனர். கடலுக்கும் நமக்கும் இடையே உள்ள தொலைவு வரைபடத்தில் சில கிலோமீட்டராக இருக்கலாம். நீரின் கணக்கில் அத்தொலைவு ஒரு வடிகாலின் நீளமே. அந்நீளம் முழுவதையும் கரையெனக் கொண்டு காக்கும் நாளில்தான் கடற்கரைச் சட்டம் தன் பெயருக்கு உரியதாகும்.